கவிதையும் பிளேட்டோவின் இலட்சிய அரசும்

இலட்சிய அரசில் கவிஞர்களுக்கு இடமில்லை என்று கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ (கி.மு. 427–347 அளவில்) கூறியதாகப் பலரும் ஒரே வரியில் படித்திருப்போம். அவர் உண்மையில் சொன்னது அந்த ஒரு வரியைவிட நுட்பமானது. கவிதை வீண்பொழுது என்பதற்காக அவர் அதை எதிர்க்கவில்லை. குழந்தையின் உள்ளத்தை உருவாக்குவதில் அதைவிட வலிமையான கருவி இல்லை என்று நம்பினார். அந்த வலிமைதான் அவருக்கு அச்சம் தந்தது.

கவிதை பற்றிய அவருடைய வாதம் ‘குடியரசு’ என்னும் உரையாடல் நூலில் விரிவாக இடம்பெறுகிறது. கி.மு. 375 அளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் அந்நூல் 10 பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் 2, 3, 10 ஆகிய பகுதிகள் கவிதையைப் பற்றிப் பேசுகின்றன. நூலில் பேசுபவர் பிளேட்டோவின் ஆசிரியரான சாக்ரடீஸ், எழுதியவர் பிளேட்டோ. சாக்ரடீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. ஆகவே இக்கட்டுரையில் இவ்வாதத்தைப் பிளேட்டோவின் வாதம் என்றே குறிப்பிடுகிறேன்.

ஏதென்ஸ் நகரின் பாடநூல்

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள அக்கால ஏதென்ஸில் குழந்தைகள் எவ்வாறு படித்தார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும். அங்கே அரசு நடத்திய பள்ளிகள் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பையன்கள் எழுத்து கற்பிக்கும் ஆசிரியர், யாழ் கற்பிக்கும் ஆசிரியர், உடற்பயிற்சி ஆசிரியர் என மூவரிடம் சென்றனர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவுடன் பையனுக்குக் கவிஞர்களின் பாடல்களைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார்கள். முன்னோர் புகழைக் கேட்டு அவர்களைப் போல ஆக வேண்டும் என்ற ஆசை பையனுக்கு வரட்டும் என்பதே நோக்கம். பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடலிலேயே இந்த வழக்கம் விவரிக்கப்படுகிறது.

சாக்ரடீஸின் மற்றொரு மாணவரான செனபோன் எழுதிய ‘விருந்து’ என்னும் நூலில் நிகெரட்டஸ் என்றொருவர் வருகிறார். தன்னை நல்ல மனிதனாக்க விரும்பிய தந்தை ஹோமரின் பாடல் முழுவதையும் மனப்பாடம் செய்ய வைத்ததாகவும், இலியட், ஒடிசி இரண்டையும் இன்றும் பார்க்காமல் சொல்ல முடியும் என்றும் அவர் பெருமைப்படுகிறார். இரண்டு காப்பியங்களும் சேர்ந்து 27,000 அடிகளுக்கு மேல். நம் பாடநூல்களில் ஒரு பருவத்துக்குச் சில மனப்பாடப் பாடல்கள் வரும். அதற்கே வகுப்பு முகம் சுளிப்பதைப் பல்லாண்டு பார்த்தவன் என்ற முறையில் நிகெரட்டஸை வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் பிளேட்டோ வியக்கவில்லை. இவ்வளவையும் உள்ளே ஏற்றிக்கொண்டவன் எப்படிப்பட்ட மனிதனாக வெளியே வருகிறான் என்பதே அவர் கேள்வி. ஏதென்ஸ் மக்களுக்கு ஹோமர் வெறும் கவிஞர் அல்லர். போர்முறை, தெய்வ வழிபாடு, விருந்தோம்பல், பேச்சுத்திறன் எதற்கும் அவர் வாக்கு மேற்கோளாயிற்று. பள்ளிப் பருவம் முடிந்த பின்னும் அது தொடர்ந்தது. விழாக்களில் ஹோமரை ஓதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். டயோனிசஸ் தெய்வத்தின் விழாவில் ஆயிரக்கணக்கானோர் கூடி நாடகம் பார்த்தார்கள். அந்த நாடகங்களும் செய்யுளே. அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 405-இல் அரங்கேற்றிய ‘தவளைகள்’ என்ற நகைச்சுவை நாடகத்தில், கவிஞன் பெரியவர்களுக்கு ஆசிரியன் என்ற பொருள்பட ஒரு பாத்திரம் பேசுகிறது. எனவே ‘கவிதை’ என்று பிளேட்டோ சொல்லும்போது, இன்று நாம் ஓய்வாக வாசிக்கும் ஒரு பக்கக் கவிதையை நினைத்துக்கொண்டால் வழக்கே விளங்காது. பாடநூல், திரையரங்கு, மேடைப்பேச்சு மூன்றும் சேர்ந்த ஒன்றை அவர் குறிப்பிடுகிறார்.

இதில் அவருக்குச் சொந்த வருத்தமும் இருந்திருக்கலாம். அரிஸ்டோஃபனீஸின் ‘மேகங்கள்’ நாடகம் (கி.மு. 423) சாக்ரடீஸை ஏமாற்றுக்காரராகக் காட்டிச் சிரிக்க வைத்தது. கி.மு. 399-இல் சாக்ரடீஸ் மீது வழக்குத் தொடுத்த மூவரில் மெலிட்டஸ் கவிஞர்களின் சார்பில் வந்தவர் என்று பிளேட்டோவின் ‘சாக்ரடீஸின் வாதம்’ கூறுகிறது. பழைய நாடகம் தம்மீது படியவைத்த கெட்ட பெயரையும் சாக்ரடீஸ் அதில் நினைவுகூர்கிறார். அவர் நஞ்சருந்தி இறந்தபோது பிளேட்டோவுக்கு வயது முப்பதுக்குள்.

எந்தக் கதையைச் சொல்வது?

‘குடியரசு’ நூலின் 2ஆம் பகுதியில், அரசைக் காக்கப்போகும் ‘காவலர்’ வகுப்புக் குழந்தைகளின் கல்வி பேசப்படுகிறது. கல்வி கதையில்தான் தொடங்குகிறது என்பதைப் பிளேட்டோ ஏற்கிறார். இளம் உள்ளம் மென்மையானது. எந்த அச்சை அழுத்தினாலும் பதியும். ஆகவே தாய்மாரும் செவிலியரும் சொல்லும் கதைகளிலிருந்தே கண்காணிப்பு தொடங்க வேண்டும் என்கிறார்.

முதலில் நீக்கப்படுபவை தெய்வங்களைப் பற்றிய கதைகள். ஹெசியாட் பாடிய ‘தெய்வங்களின் பிறப்பு’ என்னும் நூலில் குரோனஸ் தன் தந்தையை வெட்டிச் சிதைக்கிறான்; தன் பிள்ளைகளையே விழுங்குகிறான்; மகன் சீயஸ் அவனை வென்று சிறையிடுகிறான். இதைக் கேட்டு வளரும் பையன், தந்தையைத் தண்டிப்பது தெய்வங்கள் காட்டிய வழி என்று எண்ண மாட்டானா? இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’ உரையாடலில் ஒருவர் தம் தந்தைமீது கொலை வழக்குத் தொடுக்க நீதிமன்றம் வருகிறார். கேட்டால், சீயஸே தந்தையைக் கட்டிவைத்தாரே என்று இக்கதையையே சான்றாகக் காட்டுகிறார்.

அடுத்து வீரர்களைப் பற்றிய கதைகள். ஒடிசியில் இறந்தவர் உலகில் இருக்கும் அக்கிலீஸ், அங்கே அரசாள்வதைவிட மண்ணுலகில் ஓர் ஏழையிடம் கூலி வேலை செய்வதே மேல் என்று புலம்புகிறான். இதைப் படித்த பையன் போர்க்களத்தில் உயிரைக் கொடுப்பானா என்று கேட்கிறார் பிளேட்டோ. நண்பனை இழந்த அக்கிலீஸ் மண்ணில் புரண்டு அழுவதும், தெய்வங்கள் நிறுத்தாமல் சிரிப்பதும், பரிசுப் பொருளுக்கு வீரன் மயங்குவதும் இதே காரணத்தால் நீக்கப்படுகின்றன. இவை கவிதையாக மோசமானவை என்று அவர் சொல்லவில்லை. எவ்வளவு அழகாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு இளைஞர் காதில் விழக்கூடாது என்கிறார். தடை செய்பவர் இவ்வளவு நேர்மையாகப் பேசுவது அரிது.

ஆனால் இதே 3ஆம் பகுதியின் முடிவில் பிளேட்டோ தாமே ஒரு பொய்க்கதையைப் பரிந்துரைக்கிறார். குடிமக்கள் எல்லாரும் மண்ணின் பிள்ளைகள். ஆள்வோரின் உயிரில் பொன்னும், துணைநிற்போரிடம் வெள்ளியும், உழவர், கைவினைஞரிடம் இரும்பும் வெண்கலமும் கலந்துள்ளன என்ற கதை அது. கவிஞன் சொன்னால் குற்றம், அரசு சொன்னால் மருந்து. கவிதைக்கு எதிரான வழக்கில் என் மனம் பிளேட்டோவை விட்டு விலகும் முதல் இடம் இதுதான்.

வேடம் ஏற்பதால் வரும் விளைவு

கதையின் பொருளை அடுத்து அதைச் சொல்லும் முறைக்கு வருகிறார். கவிஞர் தம் குரலில் நிகழ்ச்சியைச் சொல்வது ஒரு முறை. பாத்திரமாகவே மாறிப் பேசுவது மற்றொரு முறை. இரண்டாவதை அவர் ‘மிமெசிஸ்’ என்கிறார். தமிழ்த் திறனாய்வு நூல்கள் இதைப் ‘போலச்செய்தல்’ என்று வழங்குகின்றன.

கிரேக்கச் சிறுவன் பாடலை மௌனமாக வாசிக்கவில்லை, உரக்கச் சொன்னான். அக்கிலீஸ் கோபப்படும் இடத்தில் அவனும் கோபப்பட்டான். சிறுவயதிலிருந்து தொடர்ந்து போலச்செய்வது உடலிலும் குரலிலும் எண்ணத்திலும் பழக்கமாகி இயல்பாகவே மாறிவிடும் என்பது பிளேட்டோவின் வாதம். ஆகவே காவலர் குழந்தைகள் கோழையை, அடிமையை, குடிகாரனை, பித்தனை, பேறுகாலத்தில் துடிக்கும் பெண்ணைப் போலச்செய்து நடிக்கக் கூடாது. நடிப்பதானால் துணிவும் அடக்கமும் உள்ளவர்களை மட்டுமே நடிக்கலாம்.

எல்லாவற்றையும் போலச்செய்து காட்டவல்ல கவிஞர் ஒருவர் நகருக்கு வந்தால் என்ன செய்வது? பெரியவராக வணங்கி, தலையில் நறுமணத் தைலம் பூசி, கம்பளி மாலை சூட்டி, வேறு நகருக்கு அனுப்பிவிட வேண்டும். ‘கவிஞரை நாடு கடத்துதல்’ என்று பேசப்படும் காட்சி இதுதான். இதில் வெறுப்பைவிட மரியாதையும் பயமுமே தெரிகின்றன. ஆடம்பரமில்லாத, நல்லவர் பேச்சை மட்டும் எடுத்துரைக்கும் கவிஞருக்கு இந்தப் பகுதியில் இன்னும் இடம் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆசிரியராக இருந்தவர்கள் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நான் பணியாற்றிய காலத்தில் ஆண்டு விழா நாடகமொன்றில் குடிகாரனாக நடித்த மாணவன் பெருத்த கைதட்டல் வாங்கினான். அதன் பிறகு ஓராண்டு அவன் அந்தத் தள்ளாட்ட நடையை விடவில்லை; கேட்டால் சிரிப்பான். அதே மேடையில், பிச்சைக்காரராக நடித்த மற்றொரு பையன் தெருவில் அவர்களைக் கேலி செய்வதை நிறுத்தினான். போலச்செய்தல் உள்ளே இறங்குகிறது என்பதில் பிளேட்டோ சரி. அது எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கும் என்பதில்தான் பிழை. அடிமையாகவோ பெண்ணாகவோ ஒரு கணமும் தன்னை எண்ணிப் பார்க்காத காவலன் எப்படி நீதியாக ஆள்வான்? பெண்களும் காவலராகலாம், அவர்களுக்கும் அதே கல்வி வேண்டும் என்று 5ஆம் பகுதியில் துணிந்து சொன்ன அதே பிளேட்டோ, 3ஆம் பகுதியில் பெண்ணின் துயரத்தை நடிப்பதைத் தாழ்வாக எண்ணுவது பொருந்தவில்லை.

மூன்று கட்டில்கள்

10ஆம் பகுதியில் குரல் கடுமையாகிறது. சிறுவயது முதல் ஹோமர்மீது தமக்குள்ள அன்பும் மதிப்பும் நாவைத் தடுக்கின்றன என்று சாக்ரடீஸ் முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு வருவதே புகழ்பெற்ற கட்டில் உவமை. கட்டில் என்னும் மூலவடிவம் ஒன்று. அது கடவுள் படைத்தது. அதைப் பார்த்துத் தச்சர் செய்யும் கட்டில் இரண்டாவது. தச்சரின் கட்டிலை ஒரு பக்கத்திலிருந்து பார்த்து ஓவியர் தீட்டும் கட்டில் மூன்றாவது. கவிஞரும் ஓவியரைப் போன்றவர். உண்மையிலிருந்து மூன்றாம் படியில் நிற்பவர். போரைப் பாடிய ஹோமர் எந்தப் போரை நடத்தினார்? ஸ்பார்ட்டாவுக்கு லைகர்கஸ், ஏதென்ஸுக்குச் சோலன் போல எந்த நகருக்குச் சட்டம் தந்தார்?

தேர்வுகளில் அதிகம் கேட்கப்படுவது இந்த வாதமே. எனக்கு இது அவருடைய வாதங்களுள் மெலிந்ததாகத் தோன்றுகிறது. கப்பலோட்டத் தெரியாதவர் கடற்பயணியின் அச்சத்தைப் பாட முடியாது என்று யாரும் சொல்வதில்லை. 3ஆம் பகுதியில் நல்லவரைப் போலச்செய்ய அனுமதித்துவிட்டு, 10ஆம் பகுதியின் தொடக்கத்தில் போலச்செய்யும் கவிதை முழுவதையும் விலக்கியதாகப் பேசுவது முரணாக இருப்பதையும் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள்.

அழுகையின் இன்பம்

அதே பகுதியில் சற்றுத் தள்ளி வரும் மற்றொரு வாதம் மிகவும் வலுவானது. மகனை இழந்த நல்ல மனிதர் ஒருவர் ஊரார் முன்னிலையில் தம்மை அடக்கிக்கொள்கிறார், தனிமையில் அழுகிறார். அடக்கு என்பது அறிவின் குரல். அழு என்பது உள்ளே இருக்கும் வேறொரு பகுதியின் குரல். கவிஞர் எந்தப் பகுதிக்குத் தீனி போடுகிறார்? அமைதியாக இருப்பவரை மேடையில் காட்டினால் கூட்டம் வராது. மார்பில் அறைந்துகொண்டு புலம்புபவரைக் காட்டினால் எல்லாரும் வருவார்கள். வீட்டில் வெட்கப்படும் அழுகையை அரங்கில் இன்பமாக அனுபவிக்கிறோம். அழுபவர் வேறொருவர் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை என நினைக்கிறோம். ஆனால் பிறர் துயரில் வளர்த்த பழக்கம் நம் துயரம் வரும்போது நம்மை ஆளும். வாட வேண்டிய செடிக்குக் கவிதை நீர் ஊற்றுகிறது என்கிறார் பிளேட்டோ. சிரிப்புக்கும் அப்படியே: நாமே சொல்லக் கூசும் கொச்சையான வேடிக்கையை நகைச்சுவை நாடகத்தில் கேட்டு மகிழ்ந்தால், நாளடைவில் வீட்டில் நாமே கோமாளியாகிறோம்.

இதன் முடிவாகத்தான் தெய்வத் துதிகளும் சான்றோர் புகழ்ப்பாடல்களும் மட்டுமே நகருக்குள் வரலாம் என்ற தீர்ப்பு வருகிறது. எனினும் பிளேட்டோ கதவை முற்றிலும் அடைக்கவில்லை. கவிதை இன்பம் மட்டுமன்றி அரசுக்கும் மனித வாழ்வுக்கும் பயனும் தருகிறது என்று அதன் அன்பர்கள் உரைநடையிலேனும் வாதாடிக் காட்டினால் மகிழ்ச்சியோடு திரும்ப அழைத்துக்கொள்வோம் என்கிறார்.

வந்த மறுமொழிகள்

முதல் மறுமொழி அவர் மாணவரிடமிருந்தே வந்தது. பதினேழு வயதில் பிளேட்டோவின் கல்விக்கழகத்தில் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கிருந்த அரிஸ்டாட்டில், ‘கவிதையியல்’ நூலில் ஆசிரியர் பெயரைச் சொல்லி மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அதில் விடை இருக்கிறது. போலச்செய்தல் குழந்தையின் இயல்பு; மனிதர் முதற்பாடங்களைக் கற்பதே அதன்மூலம்தான். வரலாறு நடந்ததைச் சொல்கிறது; கவிதை நடக்கக்கூடியதைச் சொல்வதால் அது பொதுமையை நோக்கியது, தத்துவத்துக்கு நெருக்கமானது. துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி ‘கதார்சிஸ்’ என்னும் தூய்மையைத் தருகிறது. இச்சொல்லின் சரியான பொருள் என்ன என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அரசியலில் சரி என்பதும் கவிதையில் சரி என்பதும் ஒன்றல்ல என்றும் அவர் சொல்கிறார்.

ஆயினும் குழந்தைகள் விஷயத்தில் அரிஸ்டாட்டில் ஆசிரியரைவிட்டு வெகுதூரம் போகவில்லை. ‘அரசியல்’ நூலின் 7ஆம் பகுதியில், சிறுவர் கேட்கும் கதைகளைக் கல்விப் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டும், உரிய வயது வரும்வரை இளைஞரை நகைச்சுவை நாடகத்துக்கு அனுமதிக்கக் கூடாது என்கிறார். ‘கவிதையியல்’ மட்டும் படிப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நேரடியாகப் பயன்பட்ட விடையைத் தந்தவர் கி.பி. 46 அளவில் பிறந்த புளூட்டார்க். அதற்குள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. ஹோமர் பள்ளியைவிட்டு வெளியேறவே இல்லை. எகிப்தின் மணலில் கிடைத்த கிரேக்க இலக்கியப் பாப்பிரசுகளில் மிகுதியானவை ஹோமரின் வரிகளே. மாணவர்களின் பயிற்சி ஏடுகளும் அவற்றில் உண்டு. இளைஞர் கவிதையை எவ்வாறு படிக்க வேண்டும் என்ற கட்டுரையில் புளூட்டார்க், கவிதை ஆக்டோபஸின் தலைக்கறி போன்றது என்கிறார்: சுவையானது, ஆனால் உண்டவருக்குக் கெட்ட கனவு வரும். அதற்காக, குடிவெறியைப் பார்த்துக் கொடியையே வெட்டிய புராணகால மன்னனைப் போல நடக்கக் கூடாது. நீரூற்றை அருகே கொண்டுவந்து மதுவில் நீர் கலக்க வேண்டும்.

நீர் கலப்பது எப்படி என்பதையும் விளக்குகிறார். தீய சொல் வந்தால் அதைச் சொல்பவர் யார், எந்த நிலையில் சொல்கிறார், அதற்குப்பின் அவருக்கு என்ன நேர்ந்தது என்று மாணவரைக் கேட்க வேண்டும். ஒரு கவிஞரின் கூற்றுக்கு எதிராக இன்னொரு கவிஞரின் கூற்றை நிறுத்த வேண்டும். கெட்டவனைத் தத்ரூபமாகக் காட்டியதைப் பாராட்டலாம், அவன் செயலை அல்ல. எந்தப் பாடலைக் கொடுப்பது என்ற பிளேட்டோவின் கேள்வி இங்கே எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. தணிக்கை செய்த பாடநூலைவிட இதற்கு உழைப்பு அதிகம். கேள்வி கேட்கும் ஆசிரியர் வகுப்பில் இருந்தாக வேண்டும்.

ஐரோப்பாவில் இவ்வழக்கு மீண்டும் மீண்டும் நடந்தது. இங்கிலாந்தில் ஸ்டீபன் காசன் 1579-இல் கவிதையையும் நாடகத்தையும் தாக்கி எழுதிய நூலைப் பிலிப் சிட்னிக்கே காணிக்கையாக்கினார். சிட்னியின் ‘கவிதைக்கு ஓர் ஆதரவுரை’ அவர் இறந்தபின் 1595-இல் அச்சாயிற்று. கவிஞர் எதையும் உண்மை என்று அறுதியிட்டுச் சொல்லாததால் பொய் சொல்வதாகவும் ஆகாது என்பது அதன் புகழ்பெற்ற வாதம். ஷெல்லி 1821-இல் எழுதிய ஆதரவுரை, தாமஸ் லவ் பீக்காக்குக்குப் பதிலாக எழுந்தது. ஷெல்லி பிளேட்டோவை மொழிபெயர்த்தவரும்கூட.

20ஆம் நூற்றாண்டில் கார்ல் பாப்பர் ‘திறந்த சமுதாயமும் அதன் பகைவர்களும்’ (1945) நூலில் பிளேட்டோவின் அரசைச் சர்வாதிகாரத்தின் முன்மாதிரி என்று சாடினார். எரிக் ஹேவ்லாக் 1963-இல் வேறொரு விளக்கம் தந்தார்: நினைவாற்றலையே நம்பிய வாய்மொழிச் சமூகத்தின் கல்விமுறையைத்தான் பிளேட்டோ எதிர்த்தார், பாத்திரத்தோடு ஒன்றி ஓதுபவர் ஏன் என்று நின்று கேட்க மாட்டார் என்பதே குறை. பிளேட்டோ காலத்தில் எழுத்து நன்கு பரவிவிட்டது என்று ஹேவ்லாக்கை மறுப்பவர்களும் உண்டு.

படிக்கத் தொடங்குவோருக்கு

மாணவர்கள் பெரும்பாலும் 10ஆம் பகுதியை மட்டும் படித்துவிட்டுக் கட்டில் உவமையோடு நின்றுவிடுகிறார்கள். 2ஆம், 3ஆம் பகுதிகளை முதலில் படிப்பது நல்லது. அங்கேதான் குழந்தை இருக்கிறது. 10ஆம் பகுதியைப் பாதியில் விடாமல் இறுதிவரை செல்லவும் வேண்டும். கவிஞர்களை வெளியேற்றிய அதே பகுதி, போரில் இறந்து பன்னிரண்டாம் நாள் சிதையில் உயிர்த்தெழுந்த எர் என்ற வீரன் மறுமையில் கண்டதைச் சொல்லும் நீண்ட கதையோடு முடிகிறது. பிளேட்டோ முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலின் 7ஆம் பகுதியையும் சேர்த்துப் பார்க்கலாம். கவிஞர்களை முழுமையாக மனப்பாடம் செய்வதா, தேர்ந்தெடுத்த தொகுப்பைக் கொடுப்பதா என்ற கேள்வி அங்கே வருகிறது. இளைஞருக்கு ஏற்ற பாடமாக நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இந்த உரையாடலையே வைக்கலாமே என்கிறார் அதில் பேசும் முதியவர். நாடகக் கவிஞர்கள் நகருக்குள் வர அனுமதி கேட்டால், நாங்களும் கவிஞர்களே, உங்களுக்குப் போட்டியாளர்கள் என்று பதில் சொல்லலாம் என்றும் கூறுகிறார்.